பேஸும் பாஸும்

மகளும் அவளோடு வேலை செய்யும் மூன்று பேரும் எங்கள் வீட்டு முன் அறையில் கூடியிருந்தார்கள். நான் அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கதை துண்டு துண்டாகத்தான் கேட்டது.

"பழைய பேஸ் மெதுவாத்தான் நகரும். ஆனா விழாது."

"புதுசுதான் நல்லம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா எல்லாம் மாத்தித் தருவாங்க."

சுவர் கட்டும் மேசன் பாஸைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பின் சுவர் வெடித்துக் கிடந்தது. கோப்பைகளை வைக்கும்போது, சும்மா இருக்காமல் வாயைத் திறந்து, "பழைய பாஸையே பிடிங்க மகள். அந்த மனிசன் சீமெந்துல களவெடுக்க மாட்டார்" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது.

"பாஸ் இல்ல உம்மா, பேஸ். அத்திவாரம்" என்றாள் மகள்.

யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்க, தமிழில் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பை அவர்கள் செய்துவந்தார்கள். வேறு யாரோ செய்து பொதுவில் விட்டிருக்கும் ஒன்றின் மேலேதான் அதைக் கட்ட வேண்டுமாம். எதன் மேலே என்பதுதான் தர்க்கம்.

"புதுசுல பழைய மெஷினெல்லாம் ஓடுறது கஷ்டம். அதுகள விட்டுர வேண்டியதுதான்" என்றார் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியவர்.

என் அறையில் இருப்பதும் பழைய மெஷின்தான். யுத்தம் முடிந்து என் கூடப்பிறந்த மூத்தவ, ராத்தா, மன்னாருக்குத் திரும்பிப் போன பிறகு, நான் அவவின் முகத்தைப் பார்ப்பது அதில் மட்டும்தான். மகள் பழைய பேஸில் செய்து போட்டுத் தந்ததில் எல்லாம் தமிழில் இருப்பதால் யாரையும் கூப்பிடாமல் நானே திறப்பேன்.

அடுப்படிக்குப் போய், கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினேன். உள்ளே இரண்டு பேர் பழையதற்கு, இரண்டு பேர் புதியதற்கு.

"உம்மா, உங்கட மெஷின்ல புதுசைப் போட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டாள் மகள்.

ஓம் என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ராத்தா வந்து உட்காரும் நேரம்.

திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது. அறை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

"உம்மாக்குப் புதுசொண்டு வாங்கிக் குடுங்களேன்" என்றார் பழைய மெஷினை விடச் சொன்னவர்.

"எல்லார்ட உம்மாக்கும் நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?" என்றாள் மகள்.

அவர் கறுப்புத் திரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, பழசுலயே கட்டுவம்" என்றார்.

பழையதைத் திரும்பப் போட்டு முடிக்கையில் பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போகிற நேரம். ராத்தாவின் முகம் வந்தது.

"எங்கடி போய்த் தொலஞ்ச? மௌத்தாகி மண்ணுக்குள்ள போய்ட்டியோண்டு பயந்துட்டேன்!"

பின்னால் எல்லோரும் நின்றார்கள். முக்காட்டை இழுத்துவிட்டு, "பேஸ் மாத்தினாங்க ராத்தா. பாஸ் இல்ல, பேஸ்" என்றேன்.