முதல் கிளாஸ் வாளிக்கு

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருவில், பட்டப்பகலில், நம்முடைய சனம் பார்த்திருக்க, சொந்த மாமனாரின் கையிலிருந்த பியரைத் தட்டிவிட்டவன் நான். நாலு வருடமாகிவிட்டது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "அண்ணை, பியர் காய்ச்சுறது கஷ்டமோ?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. நான் கழுவுகிறவன். பதினேழு வருடம் ரெஸ்ரோறன்டில் சட்டி கழுவிவிட்டு இந்தச் சின்ன பியர்ப் பட்டறைக்கு வந்தேன். சட்டி பெரிதானது, பதவி அதேதான்.

1. வறுத்த மல்லி

முதலாளி மத்தில்த் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். இருநூறு லீற்றர் காய்ச்சுவாள். விற்றுத் தீர்ந்தால் வேறொன்று. வெள்ளை பியருக்குப் பச்சை மல்லி விதையை இடித்துப் போட்டுக்கொண்டிருந்தவளிடம், வறுத்துப் போட்டால் என்ன என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பிலிப்-து-ஜிரார் தெருவில் நம்முடைய ஆட்களின் கடையில் மல்லி வாங்கிவந்து நானே வறுத்தேன். வந்த பியரைக் குடித்துவிட்டு அவள் கண்ணை மூடினாள். எனக்கு வீட்டு ரசம் ஞாபகம் வந்தது. அந்த வருடம் லா ஷப்பல் தெருவிழாவுக்கு அந்தப் பியர்தான் என்று முடிவானது.

ஸ்தேன் புறநகரில் இருக்கும் என் மாமனார் அதுவரை ஆறு வருடமாக, மருமகனுக்கு 'ஜூஸ் கொம்பனியில்' வேலை என்றுதான் சொல்லிவந்தார். குடிக்கு எதிரி அல்ல. விஸ்கி கலியாண வீட்டுக்கு, பிரண்டி தடிமன் காய்ச்சலுக்கு. பியர் மட்டும்தான் குடிகாரருக்கு. ஆனால் மல்லி என்றதும் மனம் இளகி, இரண்டு நண்பர்களோடு விழாவுக்கு வருவதாகச் சொன்னார்.

2. வலது குழாய்

பியர் ஊற்றும் மெஷினில் இரண்டு குழாய். ஒவ்வொரு விழாவுக்கு முன்னும் குழாய்களில் கோஸ்டிக் சோடாக் கரைசலை நிரப்பி ஊறவிட வேண்டும். பிறகு தண்ணீரால் அலச வேண்டும். வருகிற தண்ணீரில் சோதனைத் தாளை நனைக்க வேண்டும்; நீலமானால் சோடா மிச்சமிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு மத்தில்த்தின் சட்டம் ஒன்று: "முதல் கிளாஸ் வாளிக்கு. ஜனாதிபதி வந்து நின்றாலும் வாளிக்கு."

அன்று காலை இடது குழாயை அலசி, தாளும் பார்த்தாயிற்று. போன் அடித்தது. மாமா.

"தம்பி, வெளிக்கிடுறம். கோட் போடட்டோ?"

பியர் விழாவுக்குக் கோட் வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிடம். திரும்பி வந்தபோது மேசையில் நிறம் மாறாத தாள் கிடந்தது. வேலை முடிந்ததென்று மெஷினை வான் வண்டியில் ஏற்றினேன்.

3. மரியாதை

மத்தியானம் மாமா வந்தார், கோட்டோடு. நம்முடைய வீட்டில் முதல் கோப்பை அவருக்குத்தான். என் கை சட்டத்தை மறந்தது, வீட்டை நினைத்தது. வலது குழாயைத் திறந்து, நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"முதல் கிளாஸ் உங்களுக்கு, மாமா."

அவர் அதைக் குடிக்கவில்லை. முதலில் நண்பர்கள் பக்கம் திரும்பினார். "இவர் என்ரை மருமகன். இஞ்சை பியர் செய்யிறார். இது அவரின்ரை மல்லி."

ஆறு வருடத்தில் முதல் தடவை. நான் வெட்கத்தில் விரல்களைத் தேய்த்தேன். கிளாஸிலிருந்து வழிந்த ஈரம். சவர்க்காரம் போல வழுக்கியது.

அந்த வழுக்கலை விரல்களுக்குத் தெரியும். மூளைக்குத் தெரிவதற்குள் கை போய்விட்டது. கிளாஸ் அவர் உதட்டிலிருந்து ஒரு விரலளவு தூரத்தில் இருந்திருக்கும். பியர் கோட்டிலும் மேசையிலும்.

"டேய்! மாமனுக்கே கை நீட்டுறியோ?" என்றார் ஒரு நண்பர். மற்றவர் நல்ல மனிதர்: "பொறுங்கோ அண்ணை, குளவி கிளவி விழுந்திட்டுதோ?"

குளவி! இலவசமாகக் கிடைத்த பொய். தலையாட்டினால் போதும்.

மத்தில்த் மேசையில் சிந்தியதில் தாளை வைத்தாள். கடும் நீலம். கடையை மூடினாள். போத்தல் தண்ணீரை மாமாவின் கையில் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மற்றவர்கள் கழுவினால் சரிபார்ப்பேன். நீ கழுவினால் பார்ப்பதேயில்லை."

"குளவி இல்லை, மாமா," என்றேன். "கோஸ்டிக் சோடா. நான்தான் வலது குழாயை அலசேல்லை."

"குடிச்சிருந்தா?"

"தொண்டை வெந்திருக்கும்."

மாமா கோட்டைக் கழற்றினார். காலிப் பெட்டியொன்றில் உட்கார்ந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"ஆறு வருசம் ஜூஸ் கொம்பனி எண்டு சொன்னன்," என்றார். "இண்டைக்குத்தான் உண்மை சொன்னன். இன்னும் ஒரு வருசம் பொறுத்திருக்கலாம்."

மத்தில்த் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நான் கழுவியதையும் இப்போது சரிபார்க்கிறாள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டில் முதலாவதைக் கொடுப்பது மரியாதை, இந்தத் தொழிலில் அதைக் கொட்டுவதுதான் மரியாதை.

மாமா வருடாவருடம் விழாவுக்கு வருகிறார். கோட் இல்லை, வாசிப்புக் கண்ணாடி உண்டு. முதல் கிளாஸை வாளியில் ஊற்றுகிறேன். இரண்டாவதில் அவரே தாளை நனைத்து, வெயிலில் பிடித்து, நீலமில்லை என்று தலையாட்டுகிறார். பிறகு கிளாஸை என்னிடமே திருப்பி நீட்டுகிறார்.

"முதல் நீ குடி, தம்பி."

குடிக்கிறேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.