நான் படித்துக் காட்டிய கேஸ் ஷீட்

குடவாசல் பக்கத்தில் ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தேன். அந்த வேலையே ஊர் மிராசுதார் சொல்லி, எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்துக் கிடைத்தது. அறுவடைக் கூலிக்காகக் களத்துக்குக் களம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். உள்ளூர் ஆட்கள் வரப்பில் கொடியை நட்டு மறித்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மிராசுதாரின் காரியக்காரரைக் களத்தில் அடித்துவிட்டார்கள். அடித்தவர்களில் இரண்டு பேரை அப்போதே சேரியில் ஒளித்துவைத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார் என்று எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் மேல் புகார் வந்தது. வாரம் தவறாமல் சேரிக்குப் போய் ஊசி போடுகிறவர் என்பதால் பலரும் நம்பினார்கள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாயங்காலம் அவர் பிரசவ அறையை விட்டு நகரவில்லை. பக்கத்து ஊர்ப் பால்வாடி டீச்சர் ஒருத்தி, இளம் விதவை, கரு கலைந்து ரத்தம் நிற்காமல் மாட்டுவண்டியில் வந்து இறங்கியிருந்தாள். டாக்டர் தஞ்சாவூர் போயிருந்தார், ஆயா லீவு. நர்ஸுக்கு ஐந்து மணி வரைதான் டூட்டி. கையெழுத்துப் போட்டுக் கிளம்பியவர் வண்டியைப் பார்த்துத் திரும்பி வந்தார். டீக்கடையிலிருந்து இரண்டு தடவை வெந்நீர் வாங்கிவந்து கதவருகே வைத்தவன் நான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மிராசுதாரின் காரில் வந்து இறங்கினார்.

"அந்தம்மா நேத்து சாயங்காலம் இங்க இருந்தாங்களா?"

"டூட்டி அஞ்சு மணியோட முடிஞ்சுதுங்க. அதுக்கப்புறம் நான் கவனிக்கலீங்க."

அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நர்ஸ் கைதானார், சஸ்பெண்டும் ஆனார். ஜாமீனில் வந்த அன்று ரெக்கார்டு ரூம் வாசலில் வந்து நின்றார். என் வாக்குமூலம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சார், அந்தப் பொண்ணோட கேஸ் ஷீட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க. ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன்னு மட்டும் வக்கீல்கிட்ட சொல்லியிருக்கேன். யாரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லல."

"சரிங்க சிஸ்டர்," என்றேன்.

விசாரணை நெருங்கியபோது அவருடைய வக்கீல் என்னைத் தேடிவந்தார். "நீங்க பாத்தீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேஸ் நிக்காது." முன்னே கொடுத்த வாக்குமூலம் பொய் என்று சொன்னால் வேலை போகும். மிராசுதார் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் சிஸ்டர் ஜெயிலுக்குப் போவார். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழி தோன்றியது. அது புத்திசாலித்தனம் என்றுகூட அப்போது நினைத்தேன்.

"நான் பாக்கலீங்க. ஆனா ஒரு கேஸ் ஷீட் இருக்கு."

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ரெக்கார்டுக் கட்டைப் பிரித்து அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனேன். கோர்ட் நிறைய இரண்டு தரப்பு ஆட்களும் நின்றார்கள். தாளில் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை, கால் மணிக்கு ஒரு தடவை நாடித்துடிப்பு, பக்கத்திலேயே சிஸ்டரின் கையெழுத்து. அரசு வக்கீல் விடவில்லை.

"இது பிற்பாடு எழுதுன காகிதம். அப்படி ஒரு நோயாளி உண்டா? யாரு அது? சத்தமாப் படிங்க."

பெயர் வேண்டாமே என்று மாஜிஸ்திரேட்டைக் கேட்டிருக்கலாம். தாளை அவர் மேஜைக்கே நீட்டியிருக்கலாம். கூண்டுக்குள் நின்ற சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. நான் படித்தேன். பெயர், ஊர், கணவர் காலமாகி மூன்று வருடம், கரு கலைந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சிஸ்டர் விடுதலையானார். கோர்ட் வாசலில் நான் கிட்டே போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இன்றைக்கு அதை எழுதவே கூசுகிறது.

"வெந்நி கொண்டாந்தது நீங்கதானே சார்?"

"ஆமாங்க."

"அதைச் சொல்லியிருந்தாப் போதுமே."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

பால்வாடிக்குப் பிள்ளைகளை அனுப்புவதை ஊர் நிறுத்தியது. ஒரு மாதத்துக்குள் டீச்சர் ஊரை விட்டுப் போய்விட்டாள். நாகூரில் ஒரு ஜவுளிக்கடை வீட்டில் தையல் வேலை செய்கிறாள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். எனக்கு வேலையும் போகவில்லை, மிராசுதாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சீனியாரிட்டிப்படி பதவி உயர்வுகூட வந்தது.

சில வருடங்கள் கழித்து ஆபீஸ் வேலையாக நாகூர் போனபோது அந்தக் கடையை விசாரித்துத் தெருவைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர், "யாரைப் பாக்கணுங்க?" என்று கேட்டார். உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு துண்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.