மச்சானின் ஹோஸ்டும் என் ஃபயர்வாலும்

பாரிஸின் லா சப்பலில் என்னைவிடப் பெரிய மடையன் இல்லை. குத்த வேண்டிய கத்தியைத் தீட்டி எதிரியின் கையில் கொடுத்துவிட்டு, அவனைப் பழிவாங்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

எதிரி என் மனைவியின் தம்பி. இருவருக்கும் ஒரே பத்ரோன், ஒரே முதலாளி. அவருக்கு லா கூர்னெவ்வில் தேங்காய்க் கிட்டங்கி, ரூ காய் தெருவில் பலசரக்குக் கடை. கிட்டங்கியில் நின்ற சேர்வர், எல்லாவற்றையும் தாங்கும் ஹோஸ்ட், மச்சானின் பொறுப்பு. அதற்குள்ளேயே மென்பொருளாக ஓடிய ஃபயர்வால் என் பொறுப்பு. கடையிலிருந்து கிட்டங்கிக்குப் போகும் ஓடர் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகும். ஒரே நெட்வேர்க் கார்டைக் கீழே சேர்வரை ஆளும் அவனுடைய ஹைப்பர்வைசரும் மேலே என் ஃபயர்வாலும் பிடித்திருந்தன. கார்டை இயக்கும் டிரைவரின் பதிப்பு இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். எனக்கும் அவன் அக்காவுக்கும் பொருத்தம் பார்த்ததைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

அவன் பார்க்கவில்லை. தேர்த் திருவிழா நெருங்கிய வேளையில், என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் மீஸ்-அ-ஜூர் செய்து ஹைப்பர்வைசரைப் புதுப்பித்தான். கார்டு உயிரோடு இருப்பதாகக் காட்டியது, ஒரு எழுத்துக்கூட நகரவில்லை. வீதியில் உடைக்கத் தேங்காய் கேட்டு வந்த சனத்துக்குக் கடை கைவிரித்தது. பத்ரோன் கத்தினார். மச்சான் அவ்வளவு பேருக்கும் முன்னால் சிரித்தான்.

"அத்தான்ரை ஃபயர்வால் பழசு. ஆளும் அப்பிடித்தான்."

பிறகு சத்தமில்லாமல் பழைய பதிப்புக்கே திரும்பிப்போய்ச் சமாளித்தான். கெட்டது என் பெயர். பத்ரோன் சொல்லிவிட்டார்: "இனி ரெண்டு பேருக்குச் சம்பளம் இல்லை. அடுத்த மீஸ்-அ-ஜூரிலை ஆர் சொதப்பிறாரோ அவர் வீட்டை போகலாம்."

மெத்ரோவில் இருந்தபடியே கொதித்துப்போய், எந்தப் பதிப்போடு எது ஒத்துவரும் என்ற அட்டவணையை மச்சானின் போனுக்கு அனுப்பினேன். என் ஃபயர்வாலின் வரிக்குச் சிவப்பு வட்டம் வேறு. "கண் இருந்தால் வாசி." பதில் இல்லை. அவனாவது வாசிப்பதாவது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கொழுக்கட்டை தின்றாலும் அவன் தலையைக் கடிப்பதாகவே தின்றேன்.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் கேட்டான்: "அத்தான், ஞாயிற்றுக்கிழமை புதுசைத் திரும்ப ஏத்தப்போறன். உங்கடை பக்கம் பிரச்சினை வருமோ?"

வரும் என்று எனக்குத் தெரியும். புதிய ஹைப்பர்வைசரோடு வரும் டிரைவர் என் ஃபயர்வாலோடு சேராது.

"ஒண்டும் வராது மச்சான், கண்ணை மூடிக்கொண்டு ஏத்து," என்று நல்ல எலும்புத் துண்டாகப் பார்த்து அவன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டேன்.

ஞாயிறு, கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தேன். கையில் மட்டன் றோல். மகிழ்ச்சி வாயை மூடவிடவில்லை.

"அண்ணை, லைன் இப்ப விழும், பாருங்கோ," என்றேன் பத்ரோனிடம்.

திரை ஒருதரம் கண்சிமிட்டியது. பிறகு ஓடர்கள் முன்னையைவிட வேகமாக ஓடின. நான் எட்டிப் பார்த்தேன்.

"விழுந்தது உம்மடை றோல்தான்," என்றார் பத்ரோன். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "விழுமெண்டு தெரிஞ்சுகொண்டே வாய் திறக்காமல் இருந்தனீர், என்ன?"

குனிந்து றோலைப் பொறுக்கினேன். அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். புது ஹைப்பர்வைசரோடு வந்த டிரைவரைக் கழற்றிவிட்டு, என் ஃபயர்வாலுக்கு ஒத்ததைத் தேடிப் போட்டதாகச் சொன்னான்.

"இனி ரெண்டையும் நீரே பாரும்," என்றார் பத்ரோன் அவனிடம்.

வேலை போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது?

"எது ஒத்துவருமெண்டு உனக்கு ஆரடா சொன்னது?"

"நீங்கதான், அத்தான். சிவப்பு வட்டம் போட்டு."