நித்திரை கொள்ளுகினமோ?

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அப்பா ஜெர்மனிக்கு வந்து பல வருடங்களாகியிருந்தாலும், அவர் வேலை செய்த, பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு முழுக்க இயந்திரங்கள்தான் பேசும். அவர் கற்றுக்கொண்ட ஜெர்மன் ஒரு பாண் பைக்குள் அடங்கிவிடும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நானோ கெல்சென்கிர்ச்சனில் பிறந்து, மூன்று வருடம் கிண்டர்கார்டனுக்குப் போய், முதலாம் வகுப்பில் கால் வைத்தவள். தபாலில் வரும் கடிதம், வைத்தியர் நாள் குறித்துத் தரும் டெர்மின், பள்ளிக்கூடத்து அறிவித்தல் எல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும்.

எனக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஹீட்டரின் அளவைக் குறித்துக்கொண்டு போக ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போக வருகிறார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். மார்கழிக் குளிரில் அப்பா ஒரு நாள் லீவு போட்டு, கதவுக்குப் பின்னால் கதிரை வைத்துக் காவல் இருந்தார். வந்த மனிதர் எதையோ எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார். அப்பா பேசியே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாக இரண்டு கிழமைக்கு எங்கள் வீட்டில் பெருமை நிலவியது.

இந்தப் பிழைக்குச் சிரிக்கலாம். அடுத்த வருடம் நான் விட்ட பிழைக்குச் சிரிக்க இன்றுவரை எனக்கு முடியவில்லை.

அந்த வருடம் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் தம்பிமார். ஒருவன் அழுது ஓய்ந்தால் மற்றவன் தொடங்குவான், ஏதோ முறை வைத்துக்கொண்டவர்கள் போல. கீழ் வீட்டுக் கிழவர் வீடு கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பார். அது எங்களுக்குத் தரை. அப்பா இரவு ஒன்பதரைக்கு வேலைக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் வருவார். வந்ததும் அவரும் அம்மாவும் ஆளுக்கொருவனாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். தூசி உறிஞ்சும் மெஷினைப் போட்டுவிட்டால் பிள்ளைகள் தூங்குவார்கள் என்று அப்பா கண்டுபிடித்தார். அதன் சத்தத்தில் பிள்ளைகள் தூங்கினார்கள்தான். தும்புத்தடி தூங்கவில்லை.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். பெரிய உருவம், சைக்கிளில் வருவார், எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லாமலே கழற்றுவார். அதனால் அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் வரும் நாட்களில் எனக்கு வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடத்துக்கு அறிவிக்கப்படும். நான் சோபாவின் நடுவில், இரண்டு பெரிய மனிதர்களுக்கிடையில், கால் நிலத்தில் முட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

பிள்ளைகள் இரவு முழுக்கத் தூங்குவதற்கு அவர் வழி சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் உடம்பு துடைக்க வேண்டும். விளக்கைக் குறைக்க வேண்டும். ஒரே பாட்டைப் பாட வேண்டும். முழுதாகத் தூங்கும்வரை கையில் வைத்திராமல், கண் சொருகும்போதே கட்டிலில் விட வேண்டும். சிணுங்கினால் உடனே தூக்கக் கூடாது, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தலையணை கூடவே கூடாது.

"தலை உருண்டையா வராதெல்லோ?" என்று அம்மா கவலைப்பட்டார். தலை சப்பையானாலும் பரவாயில்லை என்று மருத்துவிச்சி சொன்னதாக நானே சேர்த்துச் சொன்னேன்.

அப்பா இரவுக்கொரு தாளில் கோடு போட்டு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். தம்பிமார் இருவருக்கும் இரண்டு வரிகள், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம். தூங்கினால் நீலம், அழுதால் சிவப்பு. நிறம் தீட்டுவது என் வேலை. காலையில் எழுந்ததும் அம்மாவிடம் கேட்பேன், அவர் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் பிழையில்லாமல் சொல்லுவார். எப்படி அத்தனையும் நினைவிருக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இரவு முழுக்க விழித்திருப்பவருக்குத்தான் அப்படிச் சொல்ல முடியும் என்பது தோன்றவில்லை.

சிவப்பு குறைந்தது. பத்தாவது கிழமையில் ஒரு வரி முழுக்க நீலமாக வந்தது. பதினோராவது கிழமையில் இரண்டும். அப்பா கடையில் கேக் வாங்கி வந்தார். அம்மா ஒரு துண்டை எடுத்து, கரண்டியால் நசித்து நசித்து, தட்டோடு கழுவும் தொட்டிக்குள் வைத்துவிட்டார்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்முன்னே இருந்தது. அம்மா பகலிலும் திரைச்சீலையை விலக்குவதில்லை. என் தலையை வாரும்போது நடுவில் சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டு, அதைத் தானே குடித்தும் முடித்தார். என்னைக் "குஞ்சு" என்று கூப்பிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஒரு விடியற்காலை ஒன்றுக்குப் போக எழுந்தேன். தம்பிமார் நல்ல நித்திரை. அம்மா குசினியில், விளக்கைப் போடாமல், இரண்டு கையையும் மேசையில் வைத்தபடி இருந்தார்.

"படுக்கேல்லையோ அம்மா?"

"அவங்கள் எழும்பப் போறாங்கள்," என்றார்.

அவர்கள் எழும்பவில்லை. காலையில் நான் இரண்டு வரிகளையும் நீலமாகத் தீட்டினேன். அந்தத் தாளில் அம்மாவுக்கு வரி இருக்கவில்லை.

மருத்துவிச்சியின் கடைசி வருகை அந்தக் கிழமையில்தான். அன்று காலை அம்மா தலை முழுகி, கலியாண வீட்டுக்குப் போவது போல நல்ல சட்டையொன்று போட்டிருந்தார். மருத்துவிச்சி தம்பிமாரைத் துணித் தொட்டியில் போட்டு நிறுத்துப் பார்த்தார், எழுதினார், நீலத் தாளைப் பார்த்து எனக்குக் கை தட்டினார். பிறகு பேனையை மேசையில் வைத்தார். அம்மாவின் பக்கம் நன்றாகத் திரும்பி, அவருடைய மெலிந்த மணிக்கட்டில் கையை வைத்து, மெதுவாகக் கேட்டார்:

"ஷ்லாபன் ஸீ?"

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜெர்மனில் ஸீ என்றால் அவர்கள். "அவர்கள் நித்திரை கொள்கிறார்களா?" என்பது ஒரு பொருள். மரியாதையாக ஒருவரை "நீங்கள்" என்று சொல்வதற்கும் அதே ஸீதான். காதுக்கு இரண்டும் ஒன்று. கிண்டர்கார்டனிலும் கீழ் வகுப்புகளிலும் யாரையும் ஸீ போட்டுக் கூப்பிட்டதில்லை. அங்கே குஞ்சு குருமான் முதல் சமையற்காரி வரை எல்லோரும் "டு", அதாவது "நீ". எனக்குத் தெரிந்த ஸீ அவர்கள் மட்டும்தான்.

"தம்பியவை நித்திரை கொள்ளுகினமோ எண்டு கேக்கிறா," என்றேன்.

அம்மா ஒரு கணம் மருத்துவிச்சியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம். விடியுமட்டும் நித்திரைதான்."

"இரவு முழுக்க!" என்று ஜெர்மனில் பெருமையாகச் சொன்னேன்.

மருத்துவிச்சியின் முகம் தெளிந்தது. ஆனாலும் விடவில்லை. பசி எடுக்கிறதா என்று கேட்டார், அதிலும் ஒரு ஸீ. விழுந்தடித்துக் குடிக்கிறார்கள் என்று அம்மா சொன்னார், நிறைய என்று நான் சொன்னேன். கடைசியாக, காரணமே இல்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்டார்.

"சும்மா சும்மா அழுகினமோவாம்."

"முந்தி அழுதவை. இப்ப இல்லை," என்றார் அம்மா.

"முன்பு ஆம், இப்போது இல்லை," என்று நான் ஜெர்மனில் சொன்னேன். யார் அழுதது என்று அதில் இல்லை. முன்பு அழுதேன், இப்போது இல்லை என்று அம்மா சொன்னதாக மருத்துவிச்சி நினைத்திருக்க வேண்டும். மூன்று பேரும் அவரவர் பாட்டில் சரியாகவே கதைத்தோம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது ஏன் இவர் அம்மாவையே பார்க்கிறார் என்று ஒரு சின்ன நெருடல் எனக்கு வந்தது. ஜெர்மன்காரரின் மரியாதை அப்படியாக்கும் என்று விட்டுவிட்டேன். மருத்துவிச்சி எதிலோ ஒரு சரி அடையாளம் போட்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்து, சைக்கிளில் போய்விட்டார்.

மூன்று கிழமை கழித்து நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. கீழ் வீட்டுக் கிழவர் எங்கள் சோபாவில் ஒரு தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மற்றவன் அவருடைய காலடியில் உடுப்புக் கூடைக்குள் கிடந்தான். தும்புத்தடிக்காரரை எங்கள் வீட்டுக்குள் கண்ட பயத்தில் நான் முதலில் அம்மாவைத் தேடவேயில்லை. அம்மாவைப் பொலிஸ்காரர்கள் டிராம் தரிப்பிடத்தில், மழையில், வீட்டுச் செருப்போடு கண்டார்கள். எத்தனையோ டிராம் வந்து போயிருக்கிறது, எதிலும் ஏறவில்லை. என்ன கேட்டாலும் அவர் ஒரே ஒரு ஜெர்மன் சொல்லைத்தான் சொன்னாராம். ஷ்லாபன். நித்திரை.

அவரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம். அப்பாவின் அக்கா வந்து தம்பிமாரைப் பார்த்துக்கொண்டார். யாரும் கேட்டால் அம்மாவுக்கு இடுப்பு நோவு என்று சொல்ல வேண்டும் என்று அப்பா எனக்குப் படிப்பித்தார். நித்திரை வராத வருத்தம்தான் என்று ஒருநாள் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளைகள்தான் இரவு முழுக்கத் தூங்குகிறார்களே, இவருக்கு இனி என்ன குறை? ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போனால் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். எங்களைக் கண்டும் எழும்ப மாட்டார். "படுக்கட்டும் விடு," என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் வீம்புக்கு ஜன்னலைப் பார்த்தபடி இருப்பேன். திரும்பி வந்த அம்மா மெதுவாக நடந்தார், மெதுவாகக் கதைத்தார். தம்பிமார் அத்தையைத்தான் அம்மா என்று நினைத்திருந்தார்கள். அது மாற வெகுகாலம் பிடித்தது.

அடுத்த வருடம் எங்கள் ஆசிரியை, இனித் தன்னை ஸீ என்றுதான் சொல்ல வேண்டும், அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தார். நான் அதைப் பத்துத் தரம் அழகாக எழுதி ஒரு தேனீப் படம் பரிசாக வாங்கினேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

போன வருடம் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். என்னைப் பார்க்க வந்த மருத்துவிச்சி இளம் பெண். அவளும் பேனையைக் கீழே வைத்துவிட்டு அதையே கேட்டாள். களைப்பில், பிள்ளை ஆறு மணித்தியாலம் தூங்குகிறாள் என்று சொன்னேன். "பிள்ளையில்லை," என்று அவள் சிரித்தாள். "நான் உங்களைக் கேட்டேன்." நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தாள்.

அம்மாவின் மருத்துவிச்சி கடைசியாக வந்த அன்று நடந்ததில் ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். இதை அம்மாவிடமும் நான் பிறகு கேட்டதில்லை, கேட்கத் துணிவில்லை. மருத்துவிச்சியின் சைக்கிள் மூலை திரும்பும்வரை அம்மா ஜன்னலடியில் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அவ என்னைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ பிள்ளை?"

"இல்லையம்மா. தம்பியவையைப் பற்றித்தான் கேட்டவ."

"ஓம்," என்றார். "அவையைப் பற்றித்தானே கேப்பினம்."

திரைச்சீலையை இழுத்து மூடினார். நான் நிறப் பென்சில்களை எடுத்துக்கொண்டு, அன்றிரவுக்கான தாளில் கோடு போட உட்கார்ந்தேன். இரண்டு வரிகள்.