கோமதியம்மாள் சொல்லும் ‘நல்லாருக்கு’

“வெயில்ல வந்து நிக்குத பிள்ளைகிட்ட மொகத்துக்கு நேரா நொட்டை சொல்லச் சொல்லுதியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையாக்கா?”

எப்போதும்வென்றான் ஊர்க் கரிசல் காட்டில், பருத்திக்கு நடுவில் நின்று கோமதியம்மாள், அவளோடு களையெடுக்கிற என்மேல் பாய்ந்தாள். அவள் கையில் இருந்தது, குனியாமல் களை எடுக்கும் புதுக் கருவி. ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து இந்துஜா என்ற பெண் கொடுத்துவிட்டுப் போனது. காட்டில் பாடுபடுகிறவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அதைத் திருத்துவார்களாம். நல்ல காரியம். கேட்பதற்கு ஆள் பிடித்தார்களே, அங்கேதான் கெட்டது.

களையெடுப்புக்குப் பெண்களைக் கூட்டிப் போகிறவள் கோமதியம்மாள். கூலியில் ஒரு ரூபாய் குறைந்தால் காட்டுக்குச் சொந்தக்காரச் சம்சாரி வீட்டு வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். ஆனால் வெளியூர்க்காரர் என்று ஒருவர் வந்துவிட்டால் வாயில் கருப்பட்டிதான். பல்பொடி விற்க வந்தவனிடம், எரிகிற ஈறோடு, “அருமையா இருக்கு அண்ணாச்சி” என்றவள்.

மழை பெய்த மறுநாள் கரிசல் மண் அந்தக் கருவியின் தகட்டில் களி மாதிரி அப்பிக்கொள்ளும். இரண்டடி தள்ளினால் கனத்து நின்றுவிடும். இந்துஜா வந்து கேட்டால், “பஞ்சு மாதிரி போகுது தாயி.” அந்தப் பெண்ணின் வண்டி மறைந்ததும், “சனியன், நகர மாட்டேங்கு.”

போன வாரம் இந்துஜா கடைசி முறையாக வந்தாள். “நீங்க சரின்னா இதையே நூறு செய்யச் சொல்லிருவோம்மா. மொதல்ல ஒங்க ஆளுகளுக்குத்தான். அப்புறம் மாத்த முடியாது” என்றாள். களையெடுக்கும் பெண்கள் எல்லாரும் கோமதியின் வாயையே பார்த்தார்கள்.

“ஒரு கொறையும் இல்ல தாயி. மோரு குடிக்கியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோமதியம்மாள் இடுப்பில் செருகி முந்தானையால் மூடியிருந்ததை உருவி இந்துஜாவின் கையில் கொடுத்தேன். தோசைக்கரண்டி. விளிம்பெல்லாம் காய்ந்த கரிசல்.

“ரெண்டடிக்கு ஒருக்கா இத வச்சு வழிச்சாத்தான் அது பஞ்சு மாதிரி போகும்” என்றேன்.

இந்துஜா கரண்டியையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இத நான் கொண்டு போறேன்மா, ஆபீஸ்ல காட்டணும். நீங்க புதுசு வாங்கிக்கிடுங்க. இது என்ன வெல?”

கோமதியம்மாள் கருவியை மெல்லக் கீழே சாய்த்து வைத்தாள். வெளியூர்ப் பிள்ளையிடம் முதல் தடவையாக, கருப்பட்டி தடவாமல் உள்ளதைச் சொன்னாள்.

“கோவில்பட்டியில வாங்குனது தாயி. பதினெட்டு ரூவா.”