தழும்பு துடைக்கும் சாஃப்ட்வேர்

ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில், தரம் பிரிக்கிற மேசையில் எனக்கு வேலை. உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம் எல்லாம் பார்த்து, இது ஏ, இது சி, இது ரிஜெக்ட் என்று தோலை ஒதுக்குவேன். பகலெல்லாம் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். வீட்டுக்கு வந்தால் அதே வேலையைச் சும்மாவே செய்கிறேன் என்பாள் என் மனைவி. பள்ளிக்கூட டீச்சர், அவளுக்குச் சொல்லித்தர முடியுமா?

இரண்டாயிரத்துக்குப் பிறகு மச்சான் துபாயிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தான். ஏலகிரிப் படகு, மகளின் பிறந்தநாள், சர்ச் கிறிஸ்துமஸ் என்று கம்ப்யூட்டரில் போட்டோக்கள் குவிந்தன. அவற்றை அடுக்கித் திருத்த ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாய் இரண்டு சிடி கொடுத்தார்.

"இது ஒரிஜினலைத் தொடாது தோஸ்த். திருத்தினா தனியா காப்பி வெக்கும், இடம் ஜாஸ்தி புடிக்கும். அது இடம் கம்மி, ஆனா பழசு மேலயே எழுதிடும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன், ஃபேக்டரி மூளையோடு. எது தழும்பை நன்றாக எடுக்கிறது என்பதுதான் என் பரீட்சை. வீட்டில் தழும்பு உள்ள முகம் ஒன்றுதான். மகள் பிறந்த பிறகு அம்மை போட்டு, மனைவியின் கன்னத்தில் சின்னக் குழிகள் தங்கிவிட்டன.

"இன்னாங்க இது, என் மூஞ்சியும் உங்க ஃபேக்டரி தோலா?"

"சி கிரேடை ஏ கிரேடாக்கறேன், சும்மா இரு."

"அப்ப உங்க மூஞ்சி?"

"அது எப்பவோ ரிஜெக்ட். தெரிஞ்சே எடுத்துக்கினவ நீ."

சிரித்தாள். நான் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சிடிதான் ஜெயித்தது. ஒரு சொடுக்கில் கன்னம் கண்ணாடி. தேய்த்துப் பளபளப்பாக்கிய தோலுக்குப் பழைய முகம் எதற்கு? எந்த ஆடும் வந்து கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, அவள் இருந்த போட்டோ ஒன்று விடாமல் துடைத்தேன். கேமராவில் இருந்ததையும் அழித்தேன், இடம் வேண்டுமே.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

ஜெபக்கூட்டத்துக்கு ஒரு போட்டோவைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டேன். வந்தவர்கள் "கல்யாணத்தப்ப எடுத்ததா?" என்று கேட்டார்கள். எல்லாரும் போன பிறகு மகள் அதன் முன்னால் நின்றாள்.

"அப்பா, இது அம்மா இல்ல."

துடைக்காத படம் ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினோம். கல்யாண ஆல்பம் அம்மைக்கு முந்தியது. அதற்குப் பிறகு இந்தக் கேமரா வரும்வரை வீட்டில் அவளைப் படமே எடுக்கவில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையிலோ ஸ்டுடியோக்காரர் பூசி மெழுகியிருந்தார். அவரும் என் ஜாதிதான். பாயிடம் ஓடினேன். "மேலயே எழுதினது எழுதினதுதான் தோஸ்த்" என்றார். எனக்கு டீ சொன்னார்.

"அந்தக் குழியெல்லாம் திரும்பப் போட்டுடுங்கப்பா" என்றாள் மகள். அதற்கும் அதே சாஃப்ட்வேரில் வழி இருந்தது. உட்கார்ந்தோம். ஒருமுறை பார்த்த தோலில் கீறல் எங்கே இருந்தது என்று சாயம் ஏறிய பிறகும் சொல்லிவிடுகிறவன் நான்.

"இடது கன்னம்" என்றேன்.

"இல்லப்பா, வலது."

"நாம பாக்கறப்ப வலதா, அம்மாவுக்கு வலதா?"

அவள் தன் ஒரு கன்னத்தில் விரல் வைத்தாள். பிறகு மறு கன்னத்துக்கு மாற்றினாள். பிறகு முகத்தையே மூடிக்கொண்டாள்.

மவுஸின் சின்ன வட்டம் இறங்க இடம் தெரியாமல் அந்தக் கன்னத்தில் அலைந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளி கிடையாது, ஒரு கீறல் கிடையாது. மேசைக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏ போட்டிருப்பேன்.