மலைக்குக் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான புத்தூரில் மலை இல்லை. கீரிமலைக்கு ஆடி அமாவாசைக்குப் போவேன். அங்கே மலை பெயரில் மட்டும்தான், ஆள் இறங்குவது கேணிக்குள். எங்கள் பக்கத்துக்கு வெளியூர்க்காரர் பார்க்க வருகிற இடம் நிலாவரைக் கிணறு. அதுவும் பள்ளம்தான். ஆக, குனிந்து பார்த்தே பழகியவன் நான். நிமிர்ந்து பார்க்கவேண்டிய ஊருக்கு என்னைத் தனியே அனுப்பியது என் மனைவி.

எங்கள் மூத்த மகளுக்கு எல்ல என்கிற சின்ன மலை ஊரில் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. கூடப் படிப்பிக்கிற ஒருவனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். அவனுடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். மனைவி ஒரு கிழமை யோசித்தாள். பிறகு என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னாள்.

"உங்களுக்குக் கதைக்கத் தெரியாது. அதுதான் நல்லது. வாயைக் குடுத்துக் கெடுக்கமாட்டியள்."

"நான் போய் என்னத்தைப் பாக்கிறது?"

"வீட்டைப் பாருங்கோ. அவையின்ரை கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ. தண்ணி நல்லாயிருந்தா எனக்குச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

எங்கள் ஊரில் பெண் போய் வாழப்போகிற வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். உவர்த்தண்ணீருக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்கு மனம் வரும்? அதோடு, ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அந்த வீட்டாரோடு ஒட்ட எங்களுக்குச் சம்மதம் என்றும் ஆகிவிடும். ஆக, எனக்குத் தரப்பட்ட வேலை ஒரு வாய் தண்ணீர் குடிப்பது. அதையும் கெடுக்கலாம் என்று காட்டிவிட்டு வந்தவன் நான்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது. குடித்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்குப் போகவேண்டும். அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் வாகனத்தை நிறுத்துங்கோ என்று ஒருவரிடம் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் பயணம் என்றால் நான் குடிப்பதில்லை. நாக்கு ஒட்டும்போது நனைத்துக்கொள்ள மட்டும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுபோவேன். இந்தமுறையும் கொண்டுபோனேன்.

காலையில் எல்லயில் இறங்கினேன். மகளோடு, அவள் சொன்ன பெடியனின் தகப்பனும் ஓட்டோவோடு நின்றார். ஓட்டோ அவருடையது. தோட்ட வேலையை விட்டபிறகு, வருகிற வெள்ளைக்காரருக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாராம். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அது கூச்சமாக இருந்தது. நானும் என் துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"வாங்கய்யா. பிரயாணம் எல்லாம் சொகமா இருந்திச்சுங்களா? மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பாடு. அதுக்குள்ள நாலு எடத்தப் பாத்துட்டுப் போயிருவோம். மொதல்ல ஒரு டீ குடிப்போமா?"

"வேண்டாம் அண்ணை," என்றேன்.

முதலில் இராவணன் அருவி. தெருவோரத்திலேயே கொட்டுகிறது. அழகு என்றுதான் எல்லாரும் படம் பிடித்தார்கள். விடியப்புறம் இருந்து அடக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று நான் எழுதத் தேவையில்லை. கால் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். அவர் பாறையில் வழிந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துக் காட்டினார்.

"சில்லுனு இருக்கும்ங்க. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"என்னட்டை இருக்கு," என்று சொல்லிப் போத்தலைத் திறந்து நாக்கை நனைத்தேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது இராவணன் குகை. மலையில் படி கட்டியிருக்கிறார்கள். தென்னையில் ஏறியவன்தானே என்று நினைத்து ஏறினேன். தென்னையில் ஏறும்போது தேங்காய் கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது இருக்கும். பாதியில் மூச்சு வாங்கிக் குந்திவிட்டேன். மேலே குகை வாசல் தெரிந்தது. பத்துத் தலையை வைத்துக்கொண்டு இதற்குள் எப்படிப் போயிருப்பார் என்று எனக்கு ஒரு பகிடி தோன்றியது. சொன்னால் அவர் சிரிப்பார், கதை தொடங்கும் என்றும் தெரிந்தது. சொல்வதற்குள் அவர் தன் பையிலிருந்து தேத்தண்ணிப் பிளாஸ்கை எடுத்தார்.

"வீட்டுல போட்டதுங்க. சீனி போடலீங்க."

சீனி போடவில்லை என்றபோது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. மறுக்க இருந்த ஒரே நல்ல காரணமும் போய்விட்டதே. தலையை ஆட்டிவிட்டு மறுபடி என் போத்தலைத் திறந்தேன். அவர் பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தார். அதன்பிறகு அது வெளியே வரவில்லை.

ஒன்பது வளைவுப் பாலத்தில் அவர் பேச்சுக் குறைந்திருந்தது. இரும்பில்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டியது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். நல்ல பாலம். அதன் நடுவில் நின்று நான் யோசித்தது, இத்தனை மரம் இருக்கிற காட்டில் ஒரு மரத்துக்குப் பின்னாலும் ஆளில்லாமல் இல்லையே என்பதைத்தான்.

கடைசியாகத் தெமோதரை நிலையத்துக்குப் போனோம். அங்கே ரயில் ஸ்ரேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் போய், சுற்றி வளைத்து, பிறகுதான் மேலே வந்து சேருகிறது. அவர் பார்வையைத் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, டவுன்ல ஒங்க ஊர்க்காரங்க சைவக் கடை ஒண்ணு இருக்கு. சாப்பாடு சுத்தமா இருக்கும். ஒங்களுக்கு அதுதான் சௌகரியம்னா அங்கயே சாப்பிட்டுருவோம். வீட்டுல நான் சொல்லிக்கிறேன்."

எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்தேன். வீட்டாருக்கும் கரைச்சல் இல்லை.

"ஓம் அண்ணை. உங்களுக்கு எப்பிடி வசதியோ அப்பிடி," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஓட்டோப் பக்கம் போனார். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும், தாயைப் போல.

"அப்பா, வேண்டாமெண்டா வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம். இப்பிடிச் செய்திருக்கத் தேவையில்லை."

"நான் என்ன பிள்ளை செய்தனான்?"

"காலமை துவக்கம் அவரின்ரை கையாலை ஒரு சொட்டுத் தண்ணி வாங்கேல்லை. சொந்தப் போத்தலிலை குடிக்கிறியள். யாழ்ப்பாணத்தாக்கள் தோட்டத்தாக்களின்ரை வீட்டிலை தண்ணி குடிக்காயினம் எண்டு இஞ்சை ஒரு கதை இருக்கு. நான் அப்பிடி இல்லையெண்டு சொல்லி வச்சிருந்தனான். அவர் இப்ப வீட்டை சொல்லப் போறார். சொன்னாப்பிறகு திருப்பேலாது."

அந்தக் கதை பொய்யென்று சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் ஊரில் அப்படி நடந்ததைக் கண்டவன்தான். ஆனால் நானே அதைச் செய்துகொண்டு மலை மலையாக ஏறி இறங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. என் கையில் போத்தல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியில் இலக்கம் தட்டிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"அண்ணை, உந்த ரயில் ஏன் சுத்திப் போகுது?"

அவர் தொலைபேசியை இறக்கினார். "நேரா ஏற முடியாதுங்க. சரிவு கூட. அதான் சுத்தி ஏத்துறாங்க."

"அப்ப சுத்தாமல் வரேலாது."

"முடியாதுங்க."

நான் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருப்பேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்," என்றேன். "விடியப்புறத்திலையிருந்து அடக்கிக்கொண்டு நிக்கிறன். சீனி வருத்தம். குடிச்சா உங்களை மறிக்கச் சொல்லவேணும். கேக்க வெக்கம். அதுதான் ஒண்டும் குடிக்கேல்லை. வேறை ஒண்டுமில்லை, அண்ணை. சத்தியமா வேறை ஒண்டுமில்லை."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் இவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். கலியாணத்துக்குக் கேட்டபோதுகூட ஓம் என்ற ஒரு சொல்தான் சொன்னவன்.

அவர் என்னைப் பார்த்தார். என் கால் நின்ற விதத்தைப் பார்த்தார். அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

"அருவியிலயுமா?" என்றார்.

"அங்கைதான் சாகப் பாத்தன்."

அவருக்குச் சிரிப்பு மெதுவாகத்தான் வந்தது. வந்தபிறகு நிற்கவில்லை. ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஸ்டேசனுக்குப் பின்னால இருக்குங்க. ஓடுங்க," என்றார். ஓடினேன். திரும்பி வரும்போது அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "வர்றோம், வர்றோம். எல போடு."

அவர்கள் வீட்டில் கிணறு இல்லை. மேலே ஊற்றிலிருந்து குழாய் வைத்து எடுக்கிறார்கள். பெடியனின் தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவடியில் நின்றார். நான் அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே குடித்தேன். பல் கூசியது. வெறும் செம்பைக் கையில் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் தாருங்கோ, அக்கா," என்றேன். இரண்டாவது செம்பு முடிந்தபிறகுதான், ருசி பார்க்க மறந்துவிட்டேனே என்று ஞாபகம் வந்தது. மூன்றாவது கேட்க வேண்டியதாயிற்று. மகள் போதும் என்று கண்ணால் காட்டினாள்.

பின்னேரம் மனைவி தொலைபேசியில் கேட்டாள். "தண்ணி எப்பிடி?"

"உவர் இல்லை. குளிர்," என்றேன்.

"சரி," என்றாள். எங்கள் வீட்டில் அதுதான் கலியாணப் பேச்சு.

பதுளை பஸ் நிலையம் வரைக்கும் பெடியனின் தகப்பனே ஓட்டோவில் கொண்டுவந்து விட்டார். வழியில் மூன்று இடத்தில் நான் கேட்காமலே நிறுத்தி, தனக்கும் தேவை என்பதுபோல என்னோடு இறங்கினார். யாழ்ப்பாணப் பஸ் நின்றது. நான் ஏறி இருந்தபிறகு அவரும் மிதிபலகையில் ஏறி, கண்டக்டரிடம், கடைசிச் சீற்றுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"தம்பி, இவரு நம்ம சம்பந்திங்க. சீனி வியாதி. கேக்க வெக்கப்படுவாரு. நீங்களா பாத்து நிறுத்துங்க."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் துவாயால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டேன். காலையில் தொடங்கி ஐயா, ஐயா என்றிருந்த மனிதர் என்னைச் சம்பந்தி என்றது அதுதான் முதல் தடவை. அதை அவர் யாழ்ப்பாணம் போகிற ஒரு பஸ் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னார்.

மலை இறங்கி முடிந்து கொஞ்சத் தூரத்தில் பஸ் ஓரமாக நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"சம்பந்தி, இறங்கிறியளோ?"

இறங்கினேன். எனக்குப் பின்னால் பாதிப் பஸ் இறங்கியது.